எந்தச் சாலை? எந்தப் பாலம்? மெக்சிகோ எல்லையில் குடும்பங்கள் போடும் கணக்கு

ஜனவரி மாதம் பிறந்ததும் மெக்சிகோ நாட்டின் வடக்குச் சாலைகளில் ஓர் ஊர்வலம் புறப்படும்.

எல்லாம் மோட்டார் வண்டிகள்! கூரை மேல் மூட்டைகள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய பெட்டிகள். உள்ளே அப்பா, அம்மா, பிள்ளைகள். சில வண்டிகளில் பாட்டியும் இருப்பாள். எண் பலகையைப் பார்த்தால் டெக்சாஸ், இல்லினாய்ஸ், ஜார்ஜியா என்று அமெரிக்க மாநிலங்களின் பெயர்கள்.

யார் இவர்கள்?

அமெரிக்காவில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள். கட்டட வேலை, தோட்ட வேலை, ஓட்டல் வேலை செய்கிறவர்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சொந்த ஊர் வந்தார்கள். தாய் தந்தையைப் பார்த்தார்கள். இப்போது திரும்புகிறார்கள். இவர்களை மெக்சிகோவில் "பைசானோ" என்பார்கள். "நம்ம ஊர்க்காரர்" என்று பொருள்.

இவர்களால் மெக்சிகோவுக்கு லாபம் கொஞ்ச நஞ்சம் அல்ல. வெளிநாட்டில் வேலை செய்யும் மெக்சிகோ மக்கள் 2024-ம் ஆண்டில் மட்டும் தங்கள் குடும்பங்களுக்கு அனுப்பிய பணம் 6,400 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும் பகுதி அமெரிக்காவில் இருந்து வந்தது.

இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு வந்து போவதற்குள் படும் பாடுதான் பெரும்பாடு.

ஊருக்கு வரும்போது ஒரு துணை உண்டு. டிசம்பர் மாத நடுவில், டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள லாரெடோ நகரில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒன்று சேரும். விடியும் முன்பே எல்லை தாண்டி, ஒரே வரிசையாக, மலை நாட்டு ஊரான ஹால்பானை நோக்கிப் போகும். முன்னும் பின்னும் போலீஸ் காவல். தனியாகப் போனால் வழிப்பறிக்காரனும் மடக்குவான், சில சமயம் சீருடை போட்டவனும் கை நீட்டுவான் என்ற பயத்தில் பிறந்த ஏற்பாடு இது.

திரும்பும்போது நிலைமை வேறு. ஒருவருக்குப் பள்ளிக்கூடம் 5-ந் தேதி திறக்கும். இன்னொருவருக்கு 3-ந் தேதியே வேலை. ஆகவே பெரும்பாலும் தனித்தனியாகத்தான் கிளம்புகிறார்கள். எந்த வழியாகப் போவது, எந்த இடத்தில் எல்லையைக் கடப்பது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். தவறாக முடிவு செய்தால் நஷ்டம் பெட்ரோல் காசோடு நிற்பது இல்லை.

சல்டியோவில் ஒரு கேள்வி

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே உள்ள எல்லை சுமார் 3,145 கிலோ மீட்டர் நீளம். மேற்கே பசிபிக் கடலில் தொடங்கி, பாலைவனத்தைக் கடந்து, பிறகு ஓர் ஆற்றோடு போய், கிழக்கே மெக்சிகோ வளைகுடாவில் முடிகிறது. அந்த ஆற்றை அமெரிக்கர்கள் ரியோ கிராண்டே என்கிறார்கள். மெக்சிகோக்காரர்கள் ரியோ பிராவோ என்கிறார்கள். ஆறு ஒன்று, பெயர் இரண்டு!

இந்த எல்லையில் சட்டப்படி கடந்து போக ஏறத்தாழ 50 இடங்கள் உள்ளன. மேற்கு ஓரத்தில் உள்ள டிஹுவானா வாசல் உலகத்திலேயே மிகவும் கூட்டம் நிறைந்த வாசல்களில் ஒன்று. ஆனால் அது கலிபோர்னியாவுக்குப் போகிறவர்களுக்கு. நாம் பார்க்கப்போவது டெக்சாசுக்குப் போகும் வழிகளை.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். சான் லூயிஸ் பொட்டோசி மாநிலத்தில் மட்டெவாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் சொந்த கிராமம். அப்பாவுக்கு டெக்சாசில் உள்ள சான் அன்டோனியோ நகரில் வேலை. இரண்டு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

மட்டெவாலாவில் இருந்து 57-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போக வேண்டும். பல மணி நேரம் போனால் சல்டியோ நகரம் வரும். அதுவரை யோசனைக்கு வேலை இல்லை. சல்டியோ வந்ததும் தான் கேள்வி பிறக்கிறது.

கிழக்கே திரும்பினால் மான்டெர்ரே நகரம். அங்கிருந்து நேரே நுவோ லாரெடோ. ஆற்றுக்கு இந்தப்பக்கம் நுவோ லாரெடோ, அந்தப்பக்கம் லாரெடோ. சல்டியோவில் இருந்து மொத்தம் சுமார் 310 கிலோ மீட்டர். நல்ல சாலை.

திரும்பாமல் 57-ம் சாலையிலேயே வடக்கே போனால் மொன்குளோவா வழியாகப் பியெட்ராஸ் நெக்ராஸ் என்ற ஊர் வரும். பாலத்தைத் தாண்டினால் டெக்சாசின் ஈகிள் பாஸ். இது சுமார் 440 கிலோ மீட்டர்.

இரண்டில் எது? குறைந்த தூரம்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் அனுபவப்பட்ட பலர் தூரமான வழியைத்தான் எடுக்கிறார்கள். ஏன்?

மனிதர்கள் மறைந்த சாலை

மான்டெர்ரேயில் இருந்து நுவோ லாரெடோ போகும் சாலை சுமார் 220 கிலோ மீட்டர். பழைய பெருமை உள்ள தடம் இது. எல்லையில் இருந்து மெக்சிகோ நகரம் வரை கார் போகும்படி 1936-ம் ஆண்டில் திறக்கப்பட்ட முதல் பெரிய நெடுஞ்சாலை இந்தப் பக்கமாகத்தான் போட்டார்கள்.

2021-ம் ஆண்டில் அதே வழிக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. லாரி ஓட்டுநர்கள் காணாமல் போனார்கள். வாடகைக் கார் ஓட்டியவர்கள் காணாமல் போனார்கள். எல்லை தாண்டி வந்த குடும்பத்தார் சிலரும் காணாமல் போனார்கள். ஒருவர் இருவர் அல்ல, சில மாதங்களுக்குள் பல டஜன் பேர்! வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. உறவினர்கள் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்று நியாயம் கேட்டார்கள். "மரணச் சாலை" என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு அரசாங்கம் தேசியக் காவல் படையைக் கொண்டுவந்து ரோந்து போட்டது.

மறு ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு கலவரம். நுவோ லாரெடோவில் ஒரு கடத்தல் கூட்டத்தின் தலைவனைப் பட்டாளத்தார் பிடித்தார்கள். கூட்டத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? லாரிகளுக்குத் தீ வைத்து, சாலையின் குறுக்கே நிறுத்தினார்கள். அமெரிக்கத் தூதரக அலுவலகத்தின் மீதே குண்டுகள் பாய்ந்தன. பாலங்களும் சிறிது நேரம் மூடப்பட்டன. அந்தச் சமயத்தில் நடுவே மாட்டிக்கொண்ட வெளியூர்க் குடும்பம் என்ன செய்யும்?

நுவோ லாரெடோ இருப்பது தமாலிபாஸ் மாநிலத்தில். "இந்த மாநிலத்துக்குப் போகாதீர்கள்" என்று அமெரிக்க வெளிநாட்டு இலாகா தன் குடிமக்களுக்குச் சொல்லும் மெக்சிகோ மாநிலங்கள் ஆறு. 2025-ம் ஆண்டுப் பட்டியலிலும் தமாலிபாஸ் அதில் ஒன்று. அதற்குக் காரணங்கள் பல உண்டு. 2010-ம் ஆண்டு ஆகஸ்டில் இதே மாநிலத்தின் சான் பெர்னாண்டோ என்ற இடத்தில், எல்லை தாண்டப் போன 72 ஏழைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு அதே வட்டாரத்தில் பஸ்களை மறித்து ஆட்களை இறக்கிக் கொன்றார்கள். புதைகுழிகளில் இருந்து 193 உடல்கள் எடுக்கப்பட்டன.

2023-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, இதே மாநிலத்தின் மட்டமோரோஸ் நகருக்குள் நான்கு அமெரிக்கர்கள் வண்டியில் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அங்கே சிகிச்சை. பட்டப்பகலில், ஊருக்கு நடுவே, துப்பாக்கிக் கூட்டம் அவர்களைப் பிடித்துப் போனது. இரண்டு பேர் பிணமாகத்தான் கிடைத்தார்கள். தெருவில் போன ஒரு மெக்சிகோ பெண்ணும் குண்டு பட்டு இறந்தார்.

ஏன் அடக்க முடியவில்லை?

இத்தனை படை இருந்தும் ஏன் அடக்க முடியவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

வரைபடத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். லாரெடோதான் இரு நாட்டு வியாபாரத்தின் பெரிய வாசல். காரின் உதிரி பாகம், குளிர்பதனப் பெட்டி, தக்காளி எல்லாம் லாரி லாரியாக அங்கேதான் குவிகின்றன. சரக்கு போகும் வழியில்தான் கள்ளச் சரக்கும் போகும். ஆயிரம் லாரிகளுக்கு நடுவே ஒரு லாரியில் போதைப்பொருளை மறைப்பது சுலபம். ஆகவே அந்தத் தடத்தைத் தன் கையில் வைத்திருக்கும் கூட்டத்துக்குக் கோடி கோடியாக வருமானம். விட்டுக் கொடுப்பார்களா?

தெற்கே இருந்து போதைப்பொருள் போகிறது. வடக்கே இருந்து துப்பாக்கி வருகிறது. மெக்சிகோவில் பிடிபட்டு, எங்கே வாங்கியது என்று துருவிப் பார்த்த துப்பாக்கிகளில் பெரும் பகுதி அமெரிக்கக் கடைகளில் இருந்து வந்தவை. ஆக, இது ஒரு நாட்டின் குற்றம் மட்டும் அல்ல. மெக்சிகோவில் காவல் படை நிறுத்தினால் மட்டும் சாலை திருந்திவிடும் என்று இந்த நிருபருக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் பியெட்ராஸ் நெக்ராஸ் வழி புனிதமானதா? அதுவும் இல்லை. அந்த வழியில் அயெண்டே என்று ஒரு சிற்றூர் உண்டு. 2011-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு கடத்தல் கூட்டம் அங்கே புகுந்து, வீடு வீடாக ஆட்களைப் பிடித்துப் போய்க் கொன்றது. வீடுகளை இடித்தது. இன்று அந்தப் பக்கம் ஒப்பிட்டால் அமைதி. ஒரு சாலையின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் பத்து ஆண்டில் மாறிவிடுகிறது. அண்ணன் போன வழி என்று கண்ணை மூடிக்கொண்டு தம்பி போக முடியாது. மேற்கே சினலோவா மாநிலத்தைப் பாருங்கள்! கூலியாகான் நகரத்தின் வழியாக நொகாலெஸ் வாசலுக்குப் போகும் 15-ம் சாலை எத்தனையோ குடும்பங்களின் வழக்கமான வழி. 2024-ம் ஆண்டு செப்டம்பரில் அங்கே கடத்தல் கூட்டம் இரண்டாகப் பிளந்து சண்டை மூண்டது. வழக்கமான வழி ஒரே வாரத்தில் பயங்கர வழி ஆகிவிட்டது.

நடுவில் ஒரு கெட்டிக்கார வழி

மான்டெர்ரே வரை போய்விட்டு, தமாலிபாஸ் மண்ணை மிதிக்காமலே அமெரிக்கா போக முடியுமா? முடியும்!

மான்டெர்ரே இருப்பது நுவோ லியோன் மாநிலத்தில். ஒரு காலத்தில் இந்த மாநிலத்துக்கு அமெரிக்க எல்லையே கிடையாது. பக்கத்து மாநிலங்கள் மறித்துக்கொண்டு இருந்தன. 1892-ம் ஆண்டில் அதன் கவர்னர், அண்டை மாநிலமான கோவாவிலாவிடம் இருந்து ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலத்தை வாங்கிச் சேர்த்தார். இன்றும் அந்த எல்லை சுமார் 15 கிலோ மீட்டர்தான். அங்கே உள்ள சிற்றூருக்குக் கொலம்பியா என்று பெயர். 1991-ம் ஆண்டில் அங்கே ஒரு பாலம் திறந்தார்கள்.

இந்தப் பாலம் லாரெடோ நகரத்துக்கு வெளியே தள்ளி இருக்கிறது. மான்டெர்ரேயில் இருந்து தனிச் சாலை உண்டு. கார்க் கூட்டம் குறைவு. ஆனால் சாலை நெடுக முள் காடு. வழியில் ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. வண்டி பழுதானால் ஒதுங்க நிழல் கிடையாது. பாலமும் இரவு முழுவதும் திறந்து இருப்பது இல்லை. அந்தி நேரத்தில் அங்கே போய்ச் சேரும்படி கிளம்புவது புத்திசாலித்தனம் ஆகாது.

பாலமே மூடினால்?

சாலையைப் பற்றி இவ்வளவு யோசித்த பிறகும், பாலம் கை கொடுக்காமல் போகலாம்.

2022-ம் ஆண்டு ஏப்ரலில் டெக்சாஸ் கவர்னர் ஓர் உத்தரவு போட்டார். மெக்சிகோவில் இருந்து வரும் லாரிகளை மாநிலப் போலீசார் மீண்டும் ஒரு முறை சோதிக்க வேண்டும் என்றார். லாரிகள் பல மணி நேரம் நின்றன. காய்கறிகள் அழுகின. லாரிக்காரர்கள் கோபம் கொண்டு பாலத்தையே மறித்தார்கள். சில நாளில் உத்தரவைக் கைவிட்டார்கள்.

2023-ம் ஆண்டு முடிவில் வேறு விதமான தொல்லை. அடைக்கலம் தேடி ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மக்கள் ஆற்றைக் கடந்து வந்தார்கள். அவர்களைக் கவனிக்க அமெரிக்க அதிகாரிகளுக்கு ஆள் போதவில்லை. பாலத்தில் இருந்த ஆட்களை அங்கே அனுப்பினார்கள். நவம்பர் கடைசியில் ஈகிள் பாசின் இரண்டு பாலங்களில் ஒன்றில் கார்களை நிறுத்தினார்கள். அரிசோனாவில் லூக்வில் வாசலை டிசம்பர் 4-ந் தேதி அடியோடு மூடினார்கள். 2024-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதிதான் திறந்தார்கள். பண்டிகைக்குப் போனவர்கள் பாலைவனத்தில் பல மணி நேரம் சுற்றிப் போனார்கள்.

2025-ம் ஆண்டில் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டுவோர் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. ஆகவே அந்த விதமான மூடல் பயம் தணிந்தது. ஆனால் வேறு பயம் வந்தது. காகிதம் சரியாக உள்ளவர்கள்கூட, "ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களா?" என்று தயங்கத் தொடங்கினார்கள். காகிதமே இல்லாதவர்களுக்கு இந்தப் பிரயாணமே கிடையாது. தாய் இறந்தாலும் தொலைபேசியில்தான் அழ வேண்டும்.

வண்டிக்கும் ஒரு சீட்டு

அமெரிக்க எண் பலகை உள்ள வண்டியை எல்லை ஓரத்தைத் தாண்டி உள்ளே கொண்டு வர, மெக்சிகோவில் தற்காலிக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் போக, ஜாமீன் தொகையும் கட்ட வேண்டும். 2000-ம் ஆண்டும் அதற்கு முன்னும் செய்த வண்டிக்கு 200 டாலர். 2001 முதல் 2006 வரை 300 டாலர். அதற்குப் பிந்திய வண்டிக்கு 400 டாலர்.

எதற்கு இந்த ஜாமீன்? வண்டியைக் கொண்டு வந்து இங்கேயே விற்றுவிடக் கூடாது அல்லவா? அதற்குத்தான். வண்டி வெளியே போனதும் பணம் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. வெளியே போகும்போது அந்த அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, சீட்டை ரத்து செய்ய வேண்டும். ராணுவ வங்கியான பான்ஹெர்சிட்டோதான் இதைக் கவனிக்கிறது. சில ஊர்களில் அலுவலகம் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சில ஊர்களில் பல கிலோ மீட்டர் முன்னாலேயே இருக்கும். அவசரத்தில் தாண்டிவிட்டால் போச்சு! 400 டாலர் போவது மட்டும் அல்ல. அடுத்த முறை வேறு வண்டிக்குச் சீட்டுக் கேட்டாலும் கிடைக்காது. ஆகவே, "எந்தப் பாலம்?" என்று கேட்கும் முன், "அந்தப் பாலத்தில் சீட்டு அலுவலகம் எங்கே? எத்தனை மணி வரை?" என்று கேட்க வேண்டும். கூட்டத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பகலில் போ, காசு கொடுத்துப் போ

மெக்சிகோவில் பல இடங்களில் ஒரே ஊருக்கு இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று சுங்கம் கட்டும் சாலை. "கூட்டா" என்பார்கள். மற்றது இனாம் சாலை. "லிப்ரே" என்பார்கள். இனாம் சாலை ஊருக்கு ஊர் நுழைந்து போகும். வேகத் தடைகள் முதுகெலும்பை முறிக்கும். மாடு குறுக்கே வரும். சுங்கச் சாலையில் வேலி உண்டு, நடமாட்டம் உண்டு. ஆகவே, "பகலில் போ, காசு கொடுத்துப் போ" என்பது அங்கே பாட்டிகூடச் சொல்லும் புத்திமதி. ஊரெல்லாம் நிறுத்தாமல் போக, பெட்ரோல் பாதி குறையும்போதே நிரப்பிக்கொள்கிறார்கள்.

வண்டி பழுதானால் உதவ ஒரு படை உண்டு. "பச்சைத் தேவதைகள்" என்று பெயர்! சுற்றுலா இலாகா நடத்துகிறது. 1960-ம் ஆண்டு முதல் இருக்கிறது. பச்சை நிற வண்டியில் மெக்கானிக் வருவார். 078 என்ற எண்ணைச் சுழற்றினால் போதும். கூலி கிடையாது. உதிரி பாகத்துக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் காசு. அரசாங்க இலாகாவில் இப்படியும் ஒன்று உண்டு!

கை நீட்டும் போலீஸ்காரர்கள் கதை வேறு. லஞ்சத்துக்கு அங்கே "மொர்டிடா" என்று பெயர். "கடி" என்று அர்த்தம். ஊர் திரும்பும் சொந்த மக்களையே அதிகாரிகள் கடித்த கடி பொறுக்காமல்தான், 1989-ம் ஆண்டில் அரசாங்கம் "பைசானோ திட்டம்" என்று ஒன்றைத் தொடங்கியது. புகார் சொல்ல இடமும், உரிமைகளை விளக்கும் புத்தகமும் கிடைத்தன. கடி குறைந்தது என்கிறார்கள். நின்றது என்று யாரும் சொல்லவில்லை.

இனி நம் குடும்பத்துக்கு வருவோம். சல்டியோவில் அவர்கள் என்ன செய்வது நல்லது?

காலை 4 மணிக்குக் கிராமத்தை விட்டுக் கிளம்பினால், சல்டியோவுக்கு 8 மணிக்குள் வரலாம். சல்டியோவுக்கு முன் மலை இறக்கத்தில் ஜனவரிப் பனி மூட்டம் இருக்கும். அங்கே அவசரம் கூடாது. பிறகு 130 கிலோ மீட்டர் அதிகமானாலும் பியெட்ராஸ் நெக்ராஸ் வழிதான் மேல் என்பது என் கருத்து. ஒன்றரை மணி நேரம் கூடும். ஆனால் தமாலிபாஸ் தவிர்க்கப்படும். மான்டெர்ரே நெரிசலும் மிச்சம். பாலத்தில் லாரெடோ அளவு வரிசையும் இருக்காது. மாலை 3 மணி வாக்கில் வண்டிச் சீட்டை ரத்து செய்து முடித்துவிடலாம். எல்லை அதிகாரி கேட்கும்போது, பாட்டி மடியில் கட்டிக் கொடுத்த கொய்யாப் பழத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பழத்தைப் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். மறைத்தால் அபராதம்.

பாலத்தில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை அமெரிக்க எல்லை இலாகா மணிக்கு மணி அறிவிக்கிறது. அன்று காலை ஈகிள் பாசில் பாலம் மூடியிருந்தால், சல்டியோவிலேயே தெரிந்துவிடும். அப்போது மட்டும் கொலம்பியா. பகல் வெளிச்சத்தில்.

ஈகிள் பாசில் இருந்து சான் அன்டோனியோ சுமார் 230 கிலோ மீட்டர். இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டினால் வீடு. பிள்ளைகள் பின் ஆசனத்தில் தூங்கிக்கொண்டு வருவார்கள். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம்.